ஏசி ஓடுகிறது, அறை குளிரவில்லை: மூன்றாவது முறையும் கேஸ் நிரப்பலாமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)

வணக்கம். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. பாலக்காட்டு வெயிலைத் தாங்க முடியாமல் இரவெல்லாம் விழித்தே கிடக்கிறார். அவருக்காகத்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கினோம். அறை பன்னிரண்டுக்குப் பதினொன்று, மேலே கான்கிரீட் மொட்டைமாடி.

பிப்ரவரியில் குளிர் குறைந்தது. வந்தவர் கேஸ் தீர்ந்துவிட்டது என்று நிரப்பினார். சில வாரங்கள் நன்றாக இருந்தது. ஏப்ரலில் மறுபடியும் அதே கதை, மறுபடியும் கேஸ். இப்போது 18 டிகிரியில் வைத்தாலும் விசிறிக் காற்றுபோலத்தான் வருகிறது. ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுகிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் வோல்டேஜும் இறங்குகிறது. மூன்றாவது முறையும் நிரப்பச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில் (சித்தூர்)

தம்பி, 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தவறு. இயந்திரத்தின் திறன் அதேதான், நிற்காமல் ஓடும், அவ்வளவே. 24-இல் வைத்து மேலே விசிறியைப் போடுங்கள். மாடி வெயிலை இரவு முழுவதும் உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் மாடியை நனைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். எங்கள் வீட்டில் அடித்த பிறகு வித்தியாசம் தெரிகிறது.

பதில் (வேலந்தாவளம், ஏசி பழுது பார்ப்பவன்)

அக்கா சொன்னது சரி. ஆனால் உங்கள் வீட்டுக் கோளாறு அதுவல்ல, தம்பி. ஏசி கேஸ் பெட்ரோல்போல எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வர வேண்டும். குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். மூன்றாவது முறை பணம் கொடுக்காதீர்கள்.

ஏசியை இருபது நிமிடம் ஓடவிட்டு, வெளி யூனிட்டில் குழாய்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். மெல்லிய குழாயில் பனி படிந்து, தடித்த குழாய் வியர்க்காமல் இருந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. மாறாக, உள் யூனிட்டின் குளிர்ச்சுருள் (coil) முழுவதும் பனி மூடினால் காற்றோட்டத் தடையையும் சந்தேகிக்க வேண்டும். பிறகு ஏசியை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, பித்தளை நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். கேஸோடு எண்ணெயும் சுற்றுவதால், கசிகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கருத்திருக்கும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும். தீக்குச்சி வேண்டவே வேண்டாம். இப்போதைய வீட்டு ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்32 என்ற கேஸ் தீப்பிடிக்கக்கூடியது.

கேட்டவர்

அண்ணா, நீங்கள் சொன்னபடியே மெல்லிய குழாயில் வெள்ளையாகப் பனி. தடித்த குழாய்க்குப் பக்கத்து நட்டில் கரும்பிசுக்கு, சோப்பு நீரில் குமிழியும் வருகிறது! பெரிய ஸ்பேனர் போட்டு நானே முறுக்கிவிடலாமா?

பதில் (வேலந்தாவளம்)

வேண்டாம். நட்டுக்குள் இருக்கும் செம்புக் குழாயின் விரிந்த வாயில் கீறல் இருந்தால், முறுக்க முறுக்க அது பெரிதாகும். வாயை வெட்டிப் புதிதாக விரித்து மாட்டச் சொல்லுங்கள். பிறகு நைட்ரஜன் அடைத்து அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரை யாராவது கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும், உயிர் போகும். அழுத்தம் நின்றால் வேக்குவம் பம்பால் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, வெளி யூனிட் லேபிளில் இருக்கும் கிராம் அளவுக்குத் தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும். கைக்கணக்கு ஆகாது. வேலை நடக்கும்போது அம்மாவை வேறு அறையில் இருக்கச் சொல்லி, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரசர் வேகம் குறையலாம். ஆனால் பகலிலும் குளிரவில்லை என்றால் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

கேட்டவர் (நான்கு நாள் கழித்து)

பொள்ளாச்சியிலிருந்து வேறொருவர் வந்து செய்தார். பழைய வாயில் மயிரிழைக் கீறல் இருந்ததைக் காட்டினார். நைட்ரஜன் அழுத்தம் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. அறைக் காற்று 31 டிகிரி, ஏசியிலிருந்து வரும் காற்று 17. இப்போது 25-இல் ஓடுகிறது, தடித்த குழாய் வியர்க்கிறது. நேற்று அம்மா விடியும்வரை தூங்கினார். அண்ணா, உங்களுக்கு மிகுந்த நன்றி. அக்கா, ஞாயிற்றுக்கிழமை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம்.