சித்திரை லீவில் மருமகன்மாரோடு சைக்கிளில் நெடுந்தீவு: ஒரு இரவு வெளியில் தங்கலாமா?

கோண்டாவிலான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு இரண்டு பெடியன்கள், மூத்தவனுக்கு 14, இளையவனுக்கு 11. இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், ஆனால் பள்ளிக்கூடம், ரியூசன், போன் என்று நாள் போய்விடுகிறது. போன கிழமை இளையவன் என்னிடம், நெடுந்தீவில் குதிரை இருக்கிறது என்கிறார்களே, அது உண்மையா மாமா என்று கேட்டான். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை தீவுகளுக்குப் போகிற பண்ணைப் பாலத்துக்கு அங்கால் போனதே இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. நான் அவன் வயதில் இருந்தபோது அப்பாவோடு சைக்கிளில் எத்தனை கடற்கரைக்குப் போயிருக்கிறேன்.

அதனால் இவர்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறை வரை போய், சைக்கிளையும் படகில் ஏற்றி நெடுந்தீவு சுற்றி, ஒரு இரவு கூடாரம் போட்டுக் கடற்கரையில் தங்கிவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். நான்கு பேர் படுக்கிற கூடாரம் ஒன்று கூட்டாளி தருவான். என்னிடம் பழைய லுமாலா இருக்கிறது, பெடியன்களிடம் கியர் சைக்கிள். அக்கா முதலில் ஒரேயடியாக மறுத்தார், பிறகு "விசாரித்துவிட்டு வந்து சொல்லு" என்ற இடத்துக்கு வந்திருக்கிறார். அத்தான் இன்னும் வாய் திறக்கவில்லை.

என் கேள்விகள் இவைதான். பள்ளிக்கூட லீவு சித்திரை, ஆவணி, மார்கழி என்று மூன்று தரம் வருகிறது, எதில் போவது? 11 வயதுப் பிள்ளை ஒரே நாளில் அந்தத் தூரம் மிதிப்பானா? கடற்கரையில் கூடாரம் போட யாரிடமாவது கேட்க வேண்டுமா, போட்டால் பயமில்லையா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். படம் பார்த்துச் சொல்கிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கு மிதித்தவர்களுடைய கதைதான் வேண்டும்.

---

வேலணையாள் எழுதியது:

தம்பி, முதலில் காற்றைப் பாருங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நான் 20 வருசத்துக்கு மேல் வேலணையிலிருந்து பட்டணத்துக்குச் சைக்கிளில் வந்து போனவன். தீவுப் பக்கத்து வீதியில் ஏற்றம் என்று ஒன்று கிடையாது, ஆனால் எதிர்க்காற்று ஏற்றத்தை விட மோசம். ஏற்றம் என்றால் ஏறின பிறகு இறக்கம் வரும், காற்று அப்படி விடாது.

ஆவணி லீவில் சோளகம் அடிக்கும். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று, நீங்கள் போகிற திசையும் தென்மேற்கு. பண்ணைத் தாம்போதியில் ஏறின நேரம் தொடங்கி முகத்தில் அறைந்துகொண்டே இருக்கும். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் வாணர் பாலம் என்கிற நீளமான தாம்போதி இருக்கிறதல்லவா, இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் இல்லை, அதில் சோளகக் காலத்தில் பெரிய ஆட்களே இறங்கி உருட்டிக்கொண்டு போவதை நான் கண்டிருக்கிறேன். கடலும் அந்த நேரம் குழம்பித்தான் இருக்கும். மார்கழியில் வாடைக்காற்று. அது போகும்போது முதுகில் பிடித்துத் தள்ளும், பிள்ளைகள் சந்தோசமாகப் போவார்கள், திரும்பி வரும்போதுதான் தெரியும். மழையும் அப்போதுதான். படகு ஓடாமல் தீவில் அகப்பட்டுக்கொண்டால் அக்காவுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? கடல் படிந்து கிடக்கிறது மாசி கடைசியிலிருந்து சித்திரை வரைக்கும்தான். ஆகவே உங்களுக்குச் சித்திரை லீவு.

ஆனால் சித்திரை வெயில் கொடுமை. விடிய நாலரை, ஐந்துக்கு வெளிக்கிட வேண்டும். பட்டணத்திலிருந்து குறிகட்டுவான் 30 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் முன்பின். 11 வயதுப் பிள்ளை நின்று நின்று போனால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், ஆனால் மிதிப்பான், யோசிக்காதீர்கள். அவனுடைய இருக்கை உயரத்தை மட்டும் சரியாக வையுங்கள், மிதி கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும், முழங்கால் கொஞ்சம் மட்டும் மடிந்திருக்க வேண்டும். பதிவான இருக்கையில் மிதித்தால் முழங்கால் நொந்து பாதி வழியில் குந்திவிடுவான். இன்னொன்று, படகு நேரத்தை முதல் நாளே விசாரியுங்கள், நேரம் மாறிக்கொண்டே இருக்கும். சைக்கிள் ஏற்றுவார்கள், ஊர்ச் சனம் மோட்டார் சைக்கிளே ஏற்றுகிறது. பூரணை நாளில் போகாதீர்கள், நயினாதீவுக்குப் போகிற சனத்தால் இறங்குதுறை நிரம்பிவிடும்.

நெடுந்தீவில் இறங்கினால் ஒரு மணித்தியாலப் படகுக் களைப்பு இருக்கும், முதலில் நிழலில் இருத்தித் தண்ணீர் கொடுங்கள். அந்தத் தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர், ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள். முருகைக்கல்லை அடுக்கிக் கட்டின வேலிகளுக்கு நடுவே மெல்ல மிதித்துப் போவதே ஒரு தனிச் சுகம், சாந்து கிடையாது, கல்லுக்கு மேல் கல், எத்தனை காலமாக நிற்கிறது. பெருக்கு மரத்துப் பொந்துக்குள் பிள்ளைகளை ஏறி நிற்க விடுங்கள். குதிரைகள் மேற்கு வெளியில் நிற்கும். ஒல்லாந்தர் காலத்தில் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை, இப்போது சொந்தக்காரர் இல்லாமல் திரிகின்றன. வறட்சிக் காலத்தில் தண்ணீர் இல்லாமல் செத்தும் போகின்றன. கிட்டப் போய்த் துரத்தக் கூடாது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற குதிரையைக் கட்டாயம் குழப்பக் கூடாது. அது ஒரு தரம் பயந்து ஓடினால் அந்த வெயிலில் திரும்பித் தண்ணிக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று பெடியன்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

---

மணற்காட்டுப் பிள்ளை எழுதியது:

வேலணை அண்ணா சொன்ன காற்றுக் கணக்கு சரி. ஆனால் முதல் இரவை நெடுந்தீவில் வைக்காதீர்கள் என்பது என் கருத்து, அதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது.

எட்டடி விரியன் பாம்பு தெரியும்தானே. இரவில்தான் திரியும், நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவர்களைத்தான் கூடுதலாகக் கடிக்கும். கடித்தது பெரும்பாலும் நோகாது, வீங்காது, எறும்பு கடித்தது என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். சில மணித்தியாலம் போகக் கண் இமை தானாக மூடும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சு விட முடியாமல் போகும். என் சித்தப்பாவுக்கு எங்கள் வாடியில், அதாவது கரையில் மீன்பிடிக்குப் போட்ட கொட்டிலில், படுத்திருந்தபோது இது நடந்தது. விடியப்புறம் கண் திறக்க முடியவில்லை என்று சொன்ன உடனேயே முச்சக்கர வண்டியில் தூக்கிப் போட்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனபடியால் ஆள் இன்றைக்கும் கடலுக்குப் போகிறார். அந்த இரவு நாங்கள் ஒரு தீவில் இருந்திருந்தால் என்று நினைக்கவே எனக்கு நெஞ்சு பதறும். நெடுந்தீவிலும் ஆசுப்பத்திரி இருக்கிறது, ஆனால் பெரிய ஆசுப்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வந்தால் நடுச்சாமத்தில் கடல் தாண்ட வேண்டும். பயப்படுத்த இதை எழுதவில்லை. அடி மூடின, சிப் பூட்டுகிற கூடாரம் என்றால் பயம் பெருமளவு போய்விடும். சிப்பை ஒரு நிமிடமும் திறந்து விடாதீர்கள், சப்பாத்தைக் கூடாரத்துக்குள் வையுங்கள், சலம் கழிக்கப் போனாலும் ரோர்ச் அடித்துக்கொண்டுதான் கால் வைக்க வேண்டும். நித்திரையால் எழும்பின பிள்ளை "வயிறு நோகுது, கண் பாரமாக இருக்குது" என்றால் கடித்த அடையாளம் தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஆசுப்பத்திரி. கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறி இரத்தம் எடுப்பது எதுவும் வேண்டாம்.

அதனால் முதல் இரவுக்கு எங்கள் மணற்காட்டுப் பக்கம் வாருங்கள். கோண்டாவிலிலிருந்து இருபாலை, கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று பருத்தித்துறை வீதியால் வந்தால், வல்லை வெளியில் மட்டும்தான் கொஞ்சம் வெட்டை, சித்திரையில் அங்கேயும் காற்று பெரிதாக இராது. நெல்லியடி தாண்டி வல்லிபுரக் கோயிலடியில் முகம் கழுவி இருந்துவிட்டுப் பின்னேரம் மணலுக்கு வரலாம். மணல் மலைகளும் சவுக்குத் தோப்பும் மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலும் பிள்ளைகளுக்கு மறக்காது. ஆனால் அந்த மணலுக்குள் கல்லறைகளும் இருக்கின்றன. 2004 சுனாமியில் இந்தக் கரையில் ஆட்களை இழக்காத வீடு குறைவு. மணலில் சறுக்கி விளையாடட்டும், கல்லறைப் பக்கம் வேண்டாம்.

அனுமதி கேட்டீர்கள். முதலில் கரையில் வாடி வைத்திருக்கிறவர்களிடம் போய்க் கதையுங்கள், கிராம சேவகருக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். கரைவலைக்காரர் விடியப்புறம் வலை இழுக்கிற பாட்டையில் கூடாரம் போட்டால் அவர்களுடைய அன்றைய உழைப்பே கெட்டுவிடும், எங்கே போடலாம் என்று அவர்களே காட்டுவார்கள். பக்கத்தில் போட்டால் இரவில் ஒரு கண் உங்கள் மீதும் இருக்கும். விடிய வலை இழுக்கப் பெடியன்களையும் கூப்பிடுவார்கள், கட்டாயம் விடுங்கள். கடலில் மட்டும் இறக்காதீர்கள், இது கசூரினா மாதிரி ஆழமில்லாத கடல் இல்லை, அலை காலை வாரி இழுத்துக்கொண்டு போய்விடும்.

சாப்பாட்டுக்கு நூடில்ஸ் கட்டிக்கொண்டு வர வேண்டாம், கூழ் காய்ச்சலாம். ஒடியல் மாவும் (காயவைத்த பனங்கிழங்கு மா) புளியும் செத்தல் மிளகாயும் ஒரு பெரிய பானையும் கொண்டு வாருங்கள், மீனும் நண்டும் இறாலும் கரையில் வாங்கலாம், பயித்தங்காயும் பலாக்கொட்டையும் நெல்லியடிச் சந்தையில் எடுக்கலாம். மாவை வெள்ளனவே ஊறப்போட்டு மேல் தண்ணீரை இரண்டு தரம் வடித்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கைக்கும். பனையோலையில் பிளா, அதாவது கூழ் குடிக்கிற ஓலைக் கோப்பை, கோலப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். ஓலைப் பிளாவில் கூழ் குடித்த பிள்ளைக்கு அந்த மணம் எங்கே போனாலும் போகாது.

---

கொக்குப்பார்வை எழுதியது:

நான் பறவை பார்க்கத் திரிகிற ஆள், பெண், பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். இரண்டு விசயம் சொல்கிறேன்.

ஒன்று, மணற்காட்டிலிருந்து அப்படியே கரையால் தெற்கே போய்ப் பார்ப்போம் என்று இளம் ஆட்களுக்கு ஆசை வரும். நாகர்கோவில், முகமாலை, கிளாலிப் பக்கமெல்லாம் போர்க் காலத்தில் முன்னரங்கு இருந்த இடங்கள். கண்ணிவெடி அகற்றி முடித்து விட்ட காணிகள் நிறைய இருக்கின்றன, என்றாலும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் சைக்கிளைத் திருப்ப வேண்டும். பற்றைக்குள் கிடக்கிற இரும்பு எதையும் தொடக் கூடாது என்று 11 வயதுக்காரனிடம் வெளிக்கிட முன்னமே சத்தியம் வாங்குங்கள். எனக்கு இது எழுதப் பிடிக்கவில்லை, ஆனால் எங்கள் மண்ணில் பிள்ளையோடு வெளியே போகிறவர் இதைத் தெரியாமல் போக முடியாது.

இரண்டு, யாராவது வந்து சுண்டிக்குளத்தையும் சேருங்கள் என்பார்கள். 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட இடம், எனக்கு உயிர். ஆனால் இந்தப் பயணத்தில் வேண்டாம். தூரம், முதலை இருக்கிற நீர், பூங்காவுக்குள் நினைத்தபடி கூடாரம் போடவும் முடியாது. பூநாரைக் கூட்டம் பார்க்கக் கார்த்திகையிலிருந்து மாசி வரைதான் நல்ல காலம், சித்திரையில் வலசை வந்தவை பெரும்பாலும் திரும்பிவிடும். தை மாதத்து ஒரு ஞாயிறு விடிய பெடியன்களை மண்டைதீவுப் பக்கத்துத் தாம்போதிக்குக் கூட்டி வந்து ஒரு மணித்தியாலம் சத்தம் போடாமல் இருக்கப் பழக்குங்கள். அலைகரையில் உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்துவதைப் பார்த்தாலே போதும், பிறகு அவர்களே கேட்பார்கள்.

சித்திரையில் பின்னேர இடி மழையையும் மறக்காதீர்கள். மேற்கே கறுத்துக் கட்டினால் மணல் உச்சியிலும் தாம்போதியிலும் நிற்கக் கூடாது, தனிப் பனைக்குக் கீழேயும் ஒதுங்கக் கூடாது. நல்ல கட்டிடம் எங்கே என்று பகலிலேயே பார்த்து வைத்துவிட்டுக் கூடாரம் போடுங்கள்.

---

கோண்டாவிலான் எழுதியது:

மூன்று பேருக்கும் மெத்தப் பெரிய நன்றி. எல்லாவற்றையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பாம்புப் பகுதியில் எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன், ஆனால் "இவ்வளவு தெரிந்த ஆட்கள் சொல்கிறபடி போனால் போ" என்றார். அத்தான் தானும் வருகிறேன் என்கிறார், அவர் சைக்கிள் மிதித்துப் பத்து வருசம் இருக்கும். மின்சாரம் இல்லாத போர்க் காலத்தில் அவருடைய தகப்பன் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டதை நேற்று இரவு பெடியன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், இரண்டு பேரும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

இப்போது திட்டம் இதுதான். சித்திரை லீவில் முதலில் மணற்காடு, வாடிக்குப் பக்கத்தில் ஒரு இரவு. இரண்டு நாள் வீட்டில் ஆறிவிட்டு நெடுந்தீவு, அங்கே கூடாரம் இல்லை, தெரிந்த ஆட்களின் வீட்டில் தங்கல். மாசியில் கீரிமலை வரை ஒரு தரம் போய் வந்து இளையவனின் முழங்காலைப் பார்க்கிறேன். ஒட்டுப் போடுகிற சாமான், ஒரு மிச்ச ரியூப், பம் எல்லாம் என் பையில். மணற்காட்டுப் பிள்ளை, ஒன்று மட்டும் சொல்லுங்கள்: குடிதண்ணீர் அங்கே எடுக்கலாமா, சுமந்து வரவா?

---

மணற்காட்டுப் பிள்ளை எழுதியது:

குடிக்கிற தண்ணீரை நெல்லியடியில் நிரப்பிக்கொண்டு வாருங்கள் அண்ணா, ஆளுக்கு மூன்று லீற்றருக்குக் குறைய வேண்டாம். கூழுக்கும் பானை கழுவவும் எங்கள் வீட்டுக் கிணறு இருக்கிறது. வருகிற நாளை முதலே இதில் எழுதுங்கள், சித்தப்பாவிடம் சொல்லி நண்டு எடுத்து வைக்கிறேன். அத்தானுடைய சைக்கிளுக்கு ரயரை மாற்றிவிட்டுக் கூட்டி வாருங்கள், பத்து வருசம் நின்ற ரயர் வல்லை வெளிக்குத் தாங்காது.