பிள்ளைகளோடு வீட்டில் மணைப்பலகை செய்வது: எந்த மரம், என்ன கருவி, எங்கே தப்பும்?

பவானிக்கரை

வணக்கம். மே மாத லீவில் பிள்ளைகள் இருவரையும் (மகளுக்கு 12, மகனுக்கு 8) மரவேலைக்குப் பழக்கலாம் என்று நினைக்கிறோம். கடையில் விற்கும் ஒட்டி விளையாடும் கிட் வேண்டாம். வீட்டில் தினமும் புழங்கும் பொருளாக இருக்கட்டும் என்று உட்காரும் மணைப்பலகையை யோசித்திருக்கிறோம்: 18 இஞ்ச் நீளம், 12 இஞ்ச் அகலம், அடியில் இரண்டு குறுக்குக் கட்டை.

கையில் இருப்பவை சுத்தியல், இரும்பு அறுக்கும் ஹேக்ஸா, 12 வோல்ட் டிரில், டேப். பழைய வீட்டு ஜன்னல் கதவு இரண்டும் கிடக்கின்றன. அந்த மரத்தையே எடுத்துக்கொள்ளலாமா? ஆணியா, ஸ்க்ரூவா, பெவிகாலா? எட்டு வயதுப் பையன் கையில் ரம்பம் கொடுக்கலாமா?

மரவாடி

ஜன்னல் கதவை முதலில் ஒதுக்கி வையுங்கள் சகோதரி. தேக்காகவே இருந்தாலும் அதன் மேல் இருப்பது பழைய பெயின்ட். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கும், அதைச் சுவாசிக்கப்போவது பிள்ளைகள். போதாக்குறைக்கு உள்ளே தலை முறிந்த ஆணிகள் ஒளிந்திருக்கும். ஒன்று பட்டாலே புது ரம்பத்தின் பல் போச்சு.

பேக்கிங் பெட்டி, பேலட் மரம் இலவசமாகக் கிடைத்தால் முத்திரையைப் பாருங்கள். ஏற்றுமதிப் பேலட்டில் கோதுமைக்கதிர் படம் போட்ட சதுர முத்திரை இருக்கும். அதில் 'எச்டி' (HT) என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது, பயன்படுத்தலாம். 'எம்பி' (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். முத்திரையே இல்லாவிட்டாலும் வேண்டாம், முன்பு எதை ஏற்றினார்கள் என்று தெரியாது.

உங்கள் வேலைக்கு 18 மி.மீ. ரப்பர் மர போர்டு போதும். சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டி அகலப் பலகையாக்கி, இழைத்தே விற்கிறார்கள். 12 இஞ்ச் அகலத்தில் ஒரே பலகையாகத் தேக்கு கேட்டால் விலை எகிறும். இரண்டு 6 இஞ்ச் பலகையை ஒட்டலாம் என்றால் இரு விளிம்பையும் இழைப்புளி போட்டு நேராக்க வேண்டும், அது முதல் பாடமில்லை. போர்டைக் கடையிலேயே 18×12 ஆக வெட்டி வாங்குங்கள், நார் 18 இஞ்ச் பக்கமாக ஓடட்டும். அடிக்கட்டைக்கு 1½×1 இஞ்ச் ரீப்பர் (நீளச் சட்டம்) 5 அடி. வேண்டியது 22 இஞ்ச்தான். மிச்சம் முழுக்க அறுத்துப் பழக. பழகும் மரத்தில் கஞ்சத்தனம் காட்டினால் அது மணையில் தெரியும்.

எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வாங்காதீர்கள். தூள் மாவு மாதிரி பறக்கும், ஈரம் பட்டால் ஊதும்.

நூல்கணக்கு

ஆணியும் வேண்டாம், முழுக்கப் பெவிகாலும் வேண்டாம். காரணத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டியதே இதுதான்.

மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில் மழைக்காலம் உப்பும், வெயில்காலம் சுருங்கும். 12 இஞ்ச் பலகைக்கு இந்த அசைவு ஏறக்குறைய ஒரு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) வரும். அடிக்கட்டை குறுக்கே போகிறது. அதன் நீளம் மாறாது. இரண்டையும் முழுநீளம் ஒட்டிவிட்டால் அசைய இடமில்லாமல் பலகை வெடிக்கும், இல்லையென்றால் குழியும். பழைய மணைகளின் நடுவில் நீளமாக ஓடும் வெடிப்புகளில் பல இப்படி வந்தவைதான். ஆகவே நடுவில் ஒரு ஸ்க்ரூ இறுக்கம், இரு ஓரமும் தளர்வான துளை.

ஒவ்வொரு கட்டையும் 11 இஞ்ச். பலகையின் இரு முனையிலிருந்தும் 3 இஞ்ச் உள்ளே, பக்கத்துக்கு அரை இஞ்ச் விட்டு வையுங்கள். கட்டைக்கு மூன்று துளை: ஒன்று நடுவில், மற்ற இரண்டும் அதிலிருந்து 4 இஞ்ச் தள்ளி. ஸ்க்ரூ 8 நம்பர், 1¼ இஞ்ச், உருண்டைத் தலை, மொத்தம் 6, கூடவே 6 வாஷர். தட்டைத்தலை ஸ்க்ரூ கூடாது. அதன் சரிவான தலை துளையில் ஆப்பு மாதிரி இறங்கி நிற்கும், தளர்வு விட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

துளையிடும் வரிசை முக்கியம். முதலில் கட்டையின் அடிப்பக்கம் அரை இஞ்ச் தட்டை பிட்டால் 6 மி.மீ. ஆழத்துக்குக் குழி (ஸ்க்ரூ தலை தரையில் உரசாமல் இருக்க). பிறகு அந்தக் குழியின் மையத்தில் துளை: நடுவில் 4.5 மி.மீ., ஓரங்களில் 6 மி.மீ. வரிசையை மாற்றிச் சின்னத் துளையை முதலில் போட்டால் தட்டை பிட்டின் கூர்முனைக்குப் பிடிக்க மரமே இருக்காது. துள்ளிப்போய்க் குழி கோணலாகும்.

அடுத்து, பலகையைக் கவிழ்த்து, கட்டையை அதன் மேல் சி கிளாம்ப் போட்டு நிறுத்தி, ஒவ்வொரு துளையின் நடு மையத்திலும் தமரூசியால் (மரத்தில் குத்தும் கூர் ஊசி) குத்தி அடையாளம் வையுங்கள். கட்டையை எடுத்துவிட்டுப் பலகையில் 2.5 மி.மீ. பிட்டால் 12 மி.மீ. ஆழம் மட்டும் துளை. பிட்டில் அந்த அளவில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் பிள்ளைக்குக் கண் பார்த்தே நிறுத்தத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. கடையில் 1 இஞ்ச் என்று விற்கும் ரீப்பர் இழைத்த பிறகு 7 நூல்தான் இருக்கும். 25 மி.மீ. இருந்தால் ஸ்க்ரூ பலகைக்குள் 12 மி.மீ. போகும், 22 ஆனால் 15 மி.மீ. போகும், மேலே மிச்சம் 3 மி.மீ.தான். குழியைக் கொஞ்சம் ஆழமாகப் போட்டால் முனை உட்காரும் பக்கம் எட்டிப்பார்க்கும். வாங்கியதும் அளந்து பாருங்கள்.

அளப்பதை மகனிடம் விடலாம். 1 இஞ்சுக்கு 8 நூல் என்று சொல்லிக்கொடுத்தால் பின்னக்கணக்கும் அதோடு போகும். டேப்பின் கொக்கி கொஞ்சம் ஆடும்; அது பழுதல்ல, கொக்கியின் தடிமனைச் சரிக்கட்ட வைத்தது. அதைத் தட்டி இறுக்கப் பார்க்காமல் தடுத்துவிடுங்கள்.

கொட்டாப்புளி

எட்டு வயதுக்கு ரம்பம் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் ஹேக்ஸாவைக் கொடுக்காதீர்கள். அந்த பிளேடில் இஞ்சுக்கு 18 அல்லது 24 பல். மரத்தூள் பல்லிடுக்கில் அடைத்துக்கொண்டு வழுக்கும். பையன் அழுத்துவான், பிளேடு வளைந்து வெட்டு கோணும். இஞ்சுக்கு 10 முதல் 12 பல் உள்ள சின்னக் கைரம்பம் வாங்குங்கள். மொக்கை ரம்பம்தான் கையைக் கிழிக்கும், கூரான ரம்பம் சொன்ன இடத்தில் ஓடும்.

மணைக்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி 'அறுப்புப் பலகை' செய்துவிடுங்கள். 10×7 இஞ்ச் அளவில் 12 மி.மீ. பிளைவுட். ஒரு முனையின் மேல்பக்கம் 5 இஞ்ச் ரீப்பர் துண்டு, எதிர்முனையின் கீழ்ப்பக்கம் 7 இஞ்ச் துண்டு. கீழ்த்துண்டு மேஜை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மரத்தை மேல்துண்டில் முட்டுக்கொடுத்து அறுக்கலாம். தள்ளும்போது வெட்டும் ரம்பத்துக்குத்தான் இது. இழுக்கும்போது வெட்டும் ஜப்பானிய வகைக்கு ஒத்துவராது. பிளைவுட் உப்பிச் சுருங்காது, இங்கே பெவிகால் தாராளமாகப் போடலாம்.

அறுக்கும் இடம் பையனின் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக் ஸ்டூல் ஆடும். திண்ணையோ மாடிப்படியோ மேல். ஆள்காட்டி விரல் ரம்பத்தின் பக்கவாட்டில் நீண்டு இருக்க, மற்ற மூன்று விரல் பிடியில். முதலில் பின்பக்கமாக மெதுவாக இரண்டு மூன்று இழுப்பு, சின்னப் பள்ளம் விழுந்ததும் முழு நீளத்துக்கு ஓட்டம். கோட்டின் மேல் அறுக்காமல் கழிக்கிற பக்கமாக அறுக்கணும். கடைசி அரை இஞ்சில் வேகம் குறையணும், தொங்கும் துண்டை நீங்கள் தாங்கணும். தாங்காவிட்டால் அது ஒடிந்து அடிப்பக்கம் நாரைப் பிய்த்துக்கொண்டு விழும்.

டிரில் மகளுக்கு, நீங்கள் பக்கத்தில் நின்று. கியர் 1 (மெதுவான வேகம்), கிளட்ச் எண் (எவ்வளவு இறுக்கத்தில் டிரில் தானாக நிற்கும் என்பதற்கான எண்) குறைவாக வைத்துத் தொடங்கி, ஸ்க்ரூ முழுசாக இறங்காவிட்டால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். கையுறை கூடாது, துப்பட்டா கூடாது, முடி கட்டியிருக்கணும். சுழலும் பிட் துணியைச் சுற்றினால் கையும் சேர்ந்து போகும். கண்ணாடி சிறுவர் அளவில் வாங்குங்கள், பெரியவர்களுடையது மூக்கிலிருந்து வழுக்கினால் பத்து நிமிடத்தில் கழற்றிவிடுவார்கள். கடைசி இறுக்கம் மட்டும் கைத்திருப்புளியால் மகன் செய்யட்டும். ஸ்க்ரூ மரையில் மெழுகுவர்த்தியை ஒரு தேய் தேய்த்தால் அவன் பலத்துக்கே இறங்கும்.

இரும்பு வெட்டும் ஆங்கிள் கிரைண்டரில் மரம் வெட்டும் பல் பிளேடு மாட்டுவதை அங்கங்கே பார்ப்பீர்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் என்றில்லை, எங்குமே வேண்டாம். பல் மரத்தில் மாட்டினால் மெஷின் முகத்தை நோக்கித்தான் திரும்பும்.

கைத்தொழில் வகுப்பு

எதை முதலில் செய்வது என்ற வரிசை பற்றி ஒரு வார்த்தை. பின்லாந்து 1866இலேயே நாட்டுப்புறப் பள்ளிப் பையன்களுக்குக் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கியது. ஸ்வீடனில் நேஸ் என்ற பண்ணையில் ஓட்டோ சாலமன் அதற்காகவே ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அங்கே பிள்ளைகள் செய்தது முழுக்க வீட்டுக்கு உதவும் பொருள். எளியதிலிருந்து கடினத்துக்கு ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள்.

உங்கள் மணைத் திட்டத்தில் அளவு, ரம்பம், டிரில், திருப்புளி, உப்புத்தாள் எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. கொட்டாப்புளி சொன்ன அறுப்புப் பலகையில் ரம்பமும் பசையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒரு ரீப்பர் துண்டில் சாவி மாட்டும் கட்டை, அதில் டிரில்லும் திருப்புளியும் புதுசு. மூன்றாவதாக மணை. எட்டு வயதுக்கு ஒரு தடவைக்கு 30, 40 நிமிடம் போதும். கை அசந்த பிறகுதான் ரம்பம் விரலுக்கு வரும்.

பவானிக்கரை

எல்லோருக்கும் நன்றி. அறுப்புப் பலகை முடிந்தது. பழகும் துண்டுகளில் இரண்டு சிக்கல். மேலே கோட்டில்தான் வெட்டு போகிறது, அடியில் இரண்டு நூல் சாய்கிறது. சோதனைக்காகக் கட்டைகளைப் பலகைக்கு அடியில் வைத்துப் பார்த்தால் ஒரு மூலை டக் டக்கென்று ஆடுகிறது.

நூல்கணக்கு

சாய்வதற்குக் காரணம் ஒரு பக்கக் கோட்டை மட்டும் பார்ப்பது. மூலைமட்டம் வைத்து மேல்பக்கம், முன்பக்கம், பின்பக்கம் என மூன்றிலும் கோடு இழுங்கள். பார்வைக்கு அந்தப்பக்க மூலையில் தொடங்கி மேல்கோட்டிலும் முன்கோட்டிலும் சேர்த்துச் சரிவாக இறக்கி, பிறகு திருப்பிப் போட்டு மிச்சத்தை அறுக்கட்டும். முழங்கை உடம்பை விட்டு வெளியே விரிந்தாலும் சாயும். ரம்பம், முழங்கை, தோள் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள்.

இன்னொன்று, இந்த மணையில் கட்டையின் முனை எங்கேயும் பொருந்த வேண்டியதில்லை. அரை இஞ்ச் உள்ளடங்கி நிற்கிறது. ஒரு நூல் சாய்ந்தால் உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளலாம். பையனை மூன்றாவது முறை அறுக்கச் சொல்லி வெறுப்பேற்றாதீர்கள்.

ஆட்டத்துக்குப் பலகை முறுக்கியிருக்கலாம். நேரான இரண்டு ஸ்கேலைப் பலகையின் இரு முனையிலும் நிறுத்தி, கண்ணைத் தாழ்த்தி ஒன்றின் மேல்விளிம்போடு மற்றதை ஒப்பிடுங்கள். இணையாகத் தெரியாவிட்டால் முறுக்கல். கொஞ்சம் என்றால் பலகையைத் தொடவே வேண்டாம். ஸ்க்ரூ போட்ட பிறகு கட்டைகளின் அடியில் பென்சிலால் கிறுக்கி, சமமான கிரானைட் மேடையில் 80 நம்பர் உப்புத்தாளை விரித்து மணையை அதன் மேல் தேயுங்கள். உயரமான மூலையில்தான் கிறுக்கல் முதலில் அழியும். நான்கு மூலையிலும் அழிந்ததும் நிறுத்துங்கள்.

மரவாடி

மேல்பூச்சு பற்றி யாரும் சொல்லவில்லை. உப்புத்தாள் 80, 120, 220 என்ற வரிசையில், கட்டையில் சுற்றி, நார் ஓடும் திசையில் மட்டும். குறுக்கே தேய்த்த கீறல் வெறும் மரத்தில் தெரியாது, எண்ணெய் பட்டதும் பளிச்சென்று நிற்கும். விளிம்புகளை நன்றாக மழுக்குங்கள், சம்மணம் போட்டால் தொடையில் அழுத்துவது அதுதான்.

தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். அது என்றைக்கும் காயாது, துணியில் ஒட்டும். நல்லெண்ணெய் அரைகுறையாகக் காய்ந்து பிசுபிசுக்கும். பெயின்ட் கடையில் டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) கேளுங்கள். மெல்லிசாகத் தடவி, 20 நிமிடம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு அடுத்த பூச்சு. மூன்று பூச்சு போதும். துடைக்காமல் விட்டால் மேலே தோல் கட்டி வாரக்கணக்கில் ஒட்டும்.

துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது. இந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். பால்கனியில் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது பக்கெட் தண்ணீரில் முக்கி வையுங்கள். இந்த வேலையை மட்டும் பிள்ளைகளிடம் விடாமல் நீங்களே பாருங்கள்.