பொனோரோகோ கிராமத்துல ஒரே மாசத்துல 20 லட்சம் ரூப்பியா மொய்க்கே போகுமா?

ஜூரோங் அக்கா:

சிங்கப்பூர்ல எங்க வீட்ல வேலை பார்க்கிற பொண்ணுக்கு இந்தோனேசியாவுல கிழக்கு ஜாவா, பொனோரோகோ மாவட்டத்துல ஒரு சின்ன கிராமம். 4 வருஷமா எங்களோட இருக்கா. மாசாமாசம் 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) புருஷன் பேருக்கு அனுப்புவா. அங்க அது ஏறக்குறைய 50 லட்சம் ரூப்பியா. ஜூலை பாதியில பள்ளிக்கூடம் திறந்தப்ப பையனுக்குச் சீருடை வாங்கக் காசில்லைன்னு போன் வந்துச்சு. ராத்திரி பூரா அழுதா.

காசு எங்கன்னு கேட்டா ஜூன்ல 20 லட்சத்துக்கு மேல, ஜூலைல 20 லட்சம், 'புவூ'க்குப் போச்சாம். கல்யாண வீட்டுக்குக் கொடுக்கிறதுங்கிறா. என் வீட்டுக்காரர் "புருஷன்காரன் ஏமாத்துறான், இனிமே காசை நீயே சேர்த்து வையின்னு சொல்லு"ங்கிறார். இவளோ தன் புருஷனை ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேங்குறா. மாமனாருக்குக் கால் ஹெக்டேர் வயல் இருக்கு. அந்தப் பக்கம் வாழ்ந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, இது நடக்கிற காரியமா?

தொண்டிக்காரன்:

சகோதரி, நான் அதே மாவட்டத்துலதான் இருக்கேன். ஜொகூர்ல சாப்பாட்டுக் கடையில மாஸ்டரா நின்னப்ப பழகின பொண்ணைக் கட்டிக்கிட்டு, 11 வருஷத்துக்கு முன்னால அவ ஊருக்கே வந்துட்டேன். இங்க 1960 நிலச் சட்டப்படி வெளிநாட்டுக்காரன் பேர்ல முழு உரிமையோட நிலம் இருக்க முடியாது. வீடு, வயல் எல்லாம் மாமியார் பேர்ல. எனக்குன்னு இந்த ஊர்ல இருக்கிறது ஒரு பழைய பைக்கும் பரோட்டாக் கல்லும்தான்.

ஜூன் கணக்கை நம்புங்க. ஜூலைக்குப் பின்னால வர்றேன்.

இந்த வருஷம், 2025-ல, ஜூன் இங்க பெசார் மாசம், அதாவது நம்ம ஹஜ்ஜு மாசம். ஜாவாக்காரங்க கல்யாணம் வைக்க ரொம்ப ஆசைப்படுற மாசம். எங்க வீட்டுக்கு மட்டும் 23 அழைப்பு. பத்திரிகைன்னு நினைக்காதீங்க. சோறு, கோழிக்கறி, நூடுல்ஸ் எல்லாம் ஒரு பெட்டியில வச்சு வீட்டு வாசல்ல கொண்டாந்து கொடுப்பாங்க. அதுக்குப் பேர் 'தொன்ஜோக்கான்'. தொன்ஜோக்னா குத்து. பேர் பொருத்தம்தான், பெட்டியை வாங்கின கையோட பர்ஸ்ல குத்து விழுந்துரும். வாங்கிட்டுப் போகாம இருக்கவே முடியாது.

23-ல 17 அக்கம்பக்கம், ஆளுக்கு 50,000. 4 சொந்தக்காரங்க, ஆளுக்கு 1 லட்சம். இன்னொரு வீட்டுக்கு 2 லட்சம், ஏன்னா எங்க மகன் சுன்னத்துக்கு அவங்க அவ்வளவு வச்சிருந்தாங்க. கடைசி வீடு என் மாமியாரோட சித்தி மக. அங்க காசு இல்ல, 25 கிலோ அரிசியும் 10 கிலோ சர்க்கரையும். கூட்டிப் பாருங்க, 20 லட்சத்தைத் தொடும். இந்த மாவட்டத்துக்கு 2025-ல அரசாங்கம் வச்ச குறைந்தபட்ச மாதக் கூலியே 24 லட்சம் சொச்சம்தான். அதுவும் கடை, கம்பெனியில பதிவு பண்ணின ஆளுக்கு.

இதை இந்தப் பக்கம் 'ம்பெச்செக்'னும் சொல்வாங்க. நம்ம மொய் மாதிரியேன்னு நானும் மொதல்ல நினைச்சேன். ஒரு வித்தியாசம் இருக்கு. பொம்பளைங்க சட்டியிலயும் பையிலயும் அரிசி, சர்க்கரை, எண்ணெய், முட்டை, தேங்காய்னு கொண்டு போவாங்க. அதை எழுத ஒருத்தர் நோட்டோட வாசல்லயே உட்கார்ந்திருப்பார். அரிசி வாங்கினா அரிசியாத்தான் திருப்பணும், கிலோ குறையாம. அந்தச் சித்தி மக 10 வருஷம் முன்னால 10 கிலோ சர்க்கரை வச்சப்ப கிலோ 12,000 சொச்சம். நான் திருப்பினப்ப 17,500. பேங்க்ல சேமிப்புக் கணக்குல போட்டிருந்தாகூட அவங்களுக்கு இந்தப் பலன் கிடைச்சிருக்காது. மாமியார்கிட்ட இதைச் சொன்னேன். "காசு சுருங்கும், சர்க்கரை சுருங்குமா?"ன்னு கேட்டுட்டு அரிசி புடைக்கப் போயிட்டாங்க.

திரும்பி வரும்போது வெறுஞ்சட்டியோட விடமாட்டாங்க. சோத்துப் பொட்டலம் வரும், பேர் 'பெர்க்கட்'. நம்ம பரக்கத்துதான் (இறையருள்), ஜாவாவுக்கு வந்து பொட்டலமாயிருச்சு.

வயல் இருக்கேன்னு கேட்டீங்க. கால் ஹெக்டேர்ல ஒரு போகத்துக்கு ஒன்னேகால், ஒன்றரை டன் பச்சை நெல். அரசாங்கம் 2025 ஜனவரியில கிலோ 6,500 ரூப்பியான்னு விலை வச்சது. 85, 90 லட்சம் கைக்கு வரும், ஆனா அது 4 மாசத்துக்கு. உழவு, உரம், நடவுக் கூலி போனா பாதி நிக்கும். அப்ப மாசத்துக்கு 10 லட்சம், இங்க அதை 'ஒரு ஜூத்தா'ன்னு சொல்வாங்க. அவசரத்துக்குப் பயிர் நிக்கும்போதே வியாபாரி வந்து கண்ணால அளந்து விலை பேசுவான், அதுல இன்னும் குறையும். முன்ன அறுப்புக்குப் போற பொம்பளைங்களுக்கு நெல்லாவே பங்கு கிடைக்கும். இப்ப மிஷின் வந்து அந்தப் பங்கையும் தின்னுருச்சு. அதான் பொண்ணுங்க ஹாங்காங், தைவான், சிங்கப்பூர்னு போறாங்க. எங்க தெருவுல தூண் வச்ச டைல்ஸ் வீடு 6 இருக்கு, 5-ல பாட்டியும் பேரப்பிள்ளையும்தான்.

 

இனி ஜூலை. இந்த வருஷம் ஜூன் 27-லருந்து சுரோ மாசம், நம்ம முஹர்ரம். சுரோவுல ஜாவாக்காரன் கல்யாணம் வைக்கவே மாட்டான், வீட்டுக்கு ஆகாதுன்னு பயம். அப்ப ஜூலைல பெரும்பாலான நாள் புவூ எங்க வைப்பான்? சாவு வீட்டுக்குப் போகலாம், ஆனா அதுக்கு 20 லட்சம் ஆகாது. நேரா புருஷன் மேல பழி போடாதீங்க. கொடுத்தது வாங்கினதை எழுதி வைக்கிற புவூ நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லச் சொல்லுங்க. நோட்டு இல்லாத வீடு கிடையாது.

மேடான் செல்வம்:

அக்கா, நான் வட சுமத்ரா, மேடான்காரன். செம்பனைக் குலை ஏத்துற லாரி ஓட்டுறேன், ஜாவாக்காரங்க கிராமமாத்தான் சுத்துவேன். டெலி தோட்டங்களுக்குக் கூலியா வந்தவங்க வம்சம், இங்க பிறந்த ஜாவாப் பிள்ளைங்களுக்கு 'பூஜாகெசுமா'ன்னே பேர். ஜாவாவைப் பார்த்திராதவங்ககூட இந்த நோட்டை விடல. 2022 ஏப்ரல் 28-ல பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தினாங்களே, மே 23 வரைக்கும், அப்ப குலையை வாங்க ஆளில்லாம மரத்தடியிலயே அழுகுச்சு. அந்த மாசமும் கவர் நிக்கல, கவருக்குள்ள இருந்ததுதான் மெலிஞ்சுச்சு.

ஆனா தொண்டி அண்ணன் அளவுக்கு நான் புருஷனை நம்ப மாட்டேன். இப்ப ஆம்பளைங்க போன்ல ஸ்லாட் சூதாட்டம் ஆடி பைக்கையே தொலைக்கிறாங்க. என் கூட ஓட்டின ஒருத்தன் லாரி டயரையே அடகு வச்சான். நோட்டைக் கேளுங்க, கூடவே போனையும் பார்க்கச் சொல்லுங்க.

தொண்டிக்காரன்:

செல்வம் சொல்றதை மறுக்க முடியல. எங்க ஊர்லயும் 2 குடும்பம் அப்படிப் பிரிஞ்சிருக்கு. ஆனா மொதல்ல நோட்டு, தம்பி.

ஜூரோங் அக்கா:

நேத்து ராத்திரி வீடியோ கால்ல கேட்டோம். சுரோன்னு நான் சொன்னதும் அந்தப் பொண்ணே ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் புருஷன்கிட்ட என்னமோ ஜாவாவுல வேகமாக் கேட்டா. அவர் ஓடிப்போய் ரெண்டு நோட்டு கொண்டாந்தார். ஒன்னு புவூ நோட்டு. இன்னொன்னு தெருமுனை மளிகைக் கடைக்காரம்மா கொடுத்த கடன் நோட்டு.

ஜூன்ல 31 வீடு. 12 வீட்டுக்கு அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும். கையில இருந்த காசு கவருக்கே போயிருச்சாம், பொருள் எல்லாம் கடையில கடனா எடுத்திருக்கார். சுரோவுல கல்யாணம் இல்லாததால கடைக்காரம்மா வசூலுக்கு உட்கார்ந்துட்டாங்க. ஜூலைல போனது அந்த 20 லட்சம். 'புவூக்குப் போச்சு'ன்னு அவர் சொன்னது பொய்யில்ல, ஒரு மாசம் தள்ளிப் போயிருக்கு.

சீருடைக்கு அவ அனுப்பிட்டா. என் வீட்டுக்காரர் இன்னும் "31 வீடா?"ன்னு முணுமுணுத்துக்கிட்டே இருக்கார்.

இதுல எனக்கு ஒரு சந்தேகம். போன டிசம்பர்ல அவ பையன் சுன்னத்துக்கு நான் 50 வெள்ளி கொடுத்தேன், சும்மா சந்தோஷத்துக்கு. அந்த நோட்டுல கடைசிக்கு முந்தின பக்கத்துல 'மஜிகான் சிங்கப்பூர் – 6,00,000'ன்னு எழுதி வச்சிருக்காங்க. எதிர்ல டிக் இல்ல. அது கடனா?

தொண்டிக்காரன்:

மஜிகான்னா முதலாளியம்மா, நீங்கதான். கடன்தான் சகோதரி. வேண்டாம்னு சொல்லிராதீங்க, உறவையே வெட்டின மாதிரி எடுத்துக்குவாங்க. வீட்ல ஏதாவது விசேஷம் வருதா?

ஜூரோங் அக்கா:

மகளுக்கு மார்ச்ல கல்யாணம்.

தொண்டிக்காரன்:

இன்னைக்கே அவகிட்ட தேதியைச் சொல்லிருங்க. மார்ச்ல அறுப்பு வரும், காசு கையில இருக்கும்.