புதுப்பிப்பு: டிவிடி மேல் இங்க் கலங்கிய விடயம்

மாரி தொடங்கியபோது இங்கே கேட்டிருந்தேன்: மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் ஸ்டூடியோவில் கலியாண டிவிடிகளின் மேல் அச்சடிக்கும் படம் விரல் பட்டதும் கலங்குகிறது, ஏன் என்று. பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

பிரிண்டரில் பிழையில்லை. டிஸ்க்கின் வெள்ளைப் பூச்சு இங்க்கை உறிஞ்சுவதற்கென்றே போடப்படுவது. உறிஞ்சுகிற பூச்சு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, மேலே மழை. டை இங்க் (நீரில் கரையும் சாய மை) எப்படிச் சட்டென்று காயும்? மணமகளின் சிவப்புச் சேலைதான் முதலில் கலங்கியது. இங்க் அதிகம் விழுகிற இடம் அதுதானே.

இப்போது செட்டிங்கில் இங்க் அளவைக் குறைத்துவிட்டோம். அச்சடித்த டிஸ்க்குகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் ஒரு நாள் முழுக்கப் பரப்பி வைக்கிறோம். படம் நன்றாகவே நிற்கிறது.

அச்சடிப்பதற்குப் பதிலாக ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னவர்களுக்கு: அது வேண்டாம். கொஞ்சம் விலகி ஒட்டினாலும் வேகமாகச் சுழலும்போது டிஸ்க் அதிரும். சீடியில் இன்னும் கவனம் தேவை. டிவிடியில் வீடியோ பதிவாகும் படலம் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டுக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது. சீடியிலோ மேல்பூச்சுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. ஸ்டிக்கரை உரித்தால் படலமும் சேர்ந்து வந்துவிடலாம்.

அப்புறம், தண்ணீர் பட்டாலும் அச்சு கலங்காத, மேல்பூச்சு பளபளப்பான டிஸ்க் வகை ஒன்று உண்டு. ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் செய்த வாட்டர்ஷீல்ட் அப்படிப்பட்டது. 2015 இறுதியோடு அவர்கள் டிஸ்க் தொழிலையே விட்டுவிட்டார்கள். அந்த மாதிரி டிஸ்க் காத்தான்குடியிலோ கல்முனையிலோ எந்தக் கடையிலாவது கண்டால் சொல்லுங்கள், விலை கூடினாலும் வாங்குகிறேன்.