செக்யூரிட்டைசேஷன்: தமிழில் என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,
எம்.ஏ. அரசியல் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு விஷயத்தை நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து என்று ஆள்பவர்கள் அறிவித்து, வழக்கமான விதிகளைத் தாண்டிப் போக இடம் பிடிப்பதை டென்மார்க் அரசியல் அறிஞர் ஓலே வேவர் செக்யூரிட்டைசேஷன் என்றார். பாடத்தின் எடுத்துக்காட்டு போதைப்பொருள். 1971இல் அமெரிக்க அதிபர் நிக்சன் போதைப் பழக்கத்தை முதல் எதிரி என்றார். 1986இல் அதிபர் ரேகன் போதைக் கடத்தலைத் தேசப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று ஆணையே பிறப்பித்தார். அகராதியின் 'பிணையமாக்கல்' வங்கிக் கடன் சமாசாரம். 'பாதுகாப்பாக்கல்' என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "பத்திரமா வைக்கிறதா மேடம்?" என்று கேட்டாள் ஒரு பெண். பொருளே தலைகீழாகிறது.
— செ.

செ. அம்மாவுக்கு,
'பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம்' என்ற குறள் இருக்கக் கவலை எதற்கு? ஏமம் என்றால் காவல். 'ஏமமாக்கம்' எனலாம். 'எழுமையும் ஏமாப்புடைத்து' என்பதிலும் இதே வேர்தான். ஏமத்தை மாற்றுவதே ஏமாற்று என்பது என் நெடுநாள் கருத்து, தனியாக எழுதுகிறேன். 'மயமாக்கல்' என்று மட்டும் முடிக்க வேண்டாம், 'மயம்' வடசொல்.
— பு.

ஐயா, ஏமத்துக்கு உரை எழுதிவிட்டுத்தான் பாடமே தொடங்க முடியும். அதோடு, இங்கே ஆக்கப்படுவது காவல் இல்லை, அச்சம். பெருவில் 1983இல் அதிபர் பெலாவுண்டே 'போதைப் பயங்கரவாதம்' என்றார். கடத்தல்காரரும் கெரில்லாவும் ஒரே சொல்லுக்குள் வந்தார்கள். கொக்கெய்னுக்கு மூலமான கோக்கா இலையைப் பயிரிட்ட குடியானவர்மேலும் அந்த நிழல் விழுந்தது. கொலம்பியாவில் போதை ஒழிப்புக்கென்று அமெரிக்கா கொடுத்த உதவியை 2002இல் கெரில்லாக்களுக்கு எதிரான போருக்கும் திறந்துவிட்டார்கள். 'அச்சுறுத்தலாக்கம்' என் தேர்வு.
— மு.

மு. தம்பி, அப்படிச் சொன்னால் ஆபத்தே பொய் என்று தொனிக்கும். வேவர் அப்படிச் சொல்லவில்லை. 1989இல் கொலம்பியாவின் மெதெயின் போதைக் கடத்தல் கும்பல் ஒரு பயணிகள் விமானத்தையே வெடிவைத்துத் தகர்த்தது. உள்ளே இருந்த 107 பேரும் மாண்டார்கள். ஆபத்து மெய்யா என்பது ஒரு கேள்வி, அதை யார் எந்தப் பெயரால் அழைக்கிறார் என்பது வேறு கேள்வி. 'பாதுகாப்புச் சிக்கலாக்கல்'?
— வ.

வ. அக்கா, அது பாதுகாப்பையே குழப்புவதுபோல் இருக்கிறதே.
— மு.

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் 'பாதுகாப்புமயமாக்கல்' என்றேன். தனியார்மயம், உலகமயம் பழகிய பிள்ளைகள். பத்திரமா என்று யாரும் கேட்கவில்லை. மு.வும் வ. அக்காவும் அரைமனதாகச் சரி என்கிறார்கள். அதையே அனுப்புகிறேன்.
— செ.

அம்மா, அவசரம் புரிகிறது. ஆனாலும் மயத்துக்கு நான் உடன்படவில்லை. அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது ஏமமாக்கத்தைச் சேருங்கள்.
— பு.