போட்டியாளர் விழுந்தால் காத்திருக்கத்தான் வேண்டுமா?

எதிர்காற்று (கேள்வி):

வணக்கம். 2022 டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தின் 18ஆம் கட்டத்தை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) அண்மையில்தான் முழுமையாகப் பார்த்தேன். பிரெனீஸ் மலைத்தொடரில், ஸ்பாண்டெல் கணவாயின் இறக்கத்தில், ததேய் போகச்சார் சாலையோரச் சரளையில் சறுக்கி விழுந்தார். மொத்த நேரத்தில் முதலிடம் வகிப்பவர் அணியும் மஞ்சள் சட்டையில் இருந்த அவருடைய போட்டியாளர் யோனாஸ் விங்ககோர் மிதிப்பதைத் தளர்த்தித் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே சென்றார். இடது தொடையில் உடை கிழிந்த நிலையில் போகச்சார் வந்து சேர்ந்ததும், ஓடும் வண்டியிலிருந்தபடியே இருவரும் கைகோத்துக்கொண்டனர். எனக்கு அது நெகிழ்ச்சியாக இருந்தது. என் அலுவலக நண்பர் ஒருவரோ, இறக்கத்தில் விழாமல் ஓட்டுவதும் திறமைதானே, அதில் தவறியவருக்கு எதற்குச் சலுகை என்று கேட்கிறார். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. காத்திருக்க வேண்டும் என்று எழுதப்பட்ட விதி ஏதேனும் உண்டா? இல்லையென்றால், 2010 டூரில் ஆண்டி ஷ்லெக்கின் செயின் கழன்றபோது அவருடைய போட்டியாளர் அல்பர்டோ கொந்தாதோர் நில்லாமல் போனதை ஏன் இன்னமும் குற்றமாகப் பேசுகிறார்கள்?

பின்சக்கரம்:

எழுதப்பட்ட விதி இல்லை. விதிப்புத்தகம் தருவது ஒரே ஒரு பாதுகாப்புதான்: சமதளக் கட்டங்களில் கடைசி 3 கிலோமீட்டருக்குள் ஒருவர் விழுந்தால், விழும்போது எந்தக் குழுவோடு இருந்தாரோ அந்தக் குழுவின் நேரமே அவருக்கும் வழங்கப்படும். அண்மை ஆண்டுகளில் சில கட்டங்களுக்கு இதை 5 கிலோமீட்டர் வரை நீட்டிக்கிறார்கள். மலையுச்சியில் முடியும் கட்டங்களுக்கு இது பொருந்தாது. மற்றதெல்லாம் ஓட்டுநர்களுக்குள் இருக்கும் வழக்கம். அந்த வழக்கத்துக்கு நீதிபதியும் அவர்களேதான்.

வழக்கத்தின் சாரம், "சண்டை தொடங்கிவிட்டதா?" என்ற ஒரு கேள்வியில் அடங்கும். தொடங்குவதற்கு முன் நேர்ந்த விபத்தைப் பயன்படுத்திக்கொள்வது இழிவாகக் கருதப்படும். தொடங்கிய பின் எவரும் எவருக்கும் கடமைப்பட்டவர் அல்லர். சிக்கல் என்னவென்றால், அது எப்போது தொடங்கியது என்பதை ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்கேற்பவே சொல்வார்கள். நீங்கள் குறிப்பிட்ட 2010ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் கட்டத்தில், ஸ்பா நகரை நெருங்கும் ஸ்டாக்யூ இறக்கத்தின் வழுக்கும் சாலையில், ஷ்லெக் சகோதரர்கள் உட்படப் பலர் விழுந்தனர். மஞ்சள் சட்டையில் இருந்த ஃபாபியான் கன்செல்லாரா, ஷ்லெக்குகளின் அணித்தோழர். முன்னால் நின்று கூட்டம் முழுவதையும் மெதுவாக்கினார். முன்னரே கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னேறிப் போயிருந்த சில்வான் ஷவானெலிடம் அவர் தம் சட்டையையே இழந்தார். பின்னால் வந்த கூட்டம் வேகப்போட்டி ஏதுமின்றி எல்லைக்கோட்டைக் கடந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். மறுநாள் அரன்பெர்க் நோக்கிய கற்சாலையில் ஃபிராங்க் ஷ்லெக் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். அந்த விபத்தில் கூட்டம் பிளவுபட்டது. அதே கன்செல்லாரா, இம்முறை ஆண்டி ஷ்லெக்கைப் பின்னால் வைத்துக்கொண்டு முழு வேகத்தில் இழுத்தார். கொந்தாதோர் ஆண்டியிடம் 1 நிமிடம் 13 வினாடி இழந்தார். அன்று எவரும் எவருக்காகவும் காத்திருக்கவில்லை.

இந்தப் பின்னணியில் 15ஆம் கட்டத்தைப் பாருங்கள். போர் து பலேஸ் ஏற்றத்தில் முதலில் தாக்கியவர், அதாவது திடீரென வேகம் கூட்டி மற்றவர்களை விட்டு விலக முயன்றவர், ஆண்டியே. தாக்கிய கணத்தில்தான் அவருடைய செயின் கழன்றது. அவர் இறங்கிச் சங்கிலியை மாட்டிக்கொண்டிருக்கையில் கொந்தாதோர் கடந்து போனார். அன்று அவர் பெற்ற நேரம் 39 வினாடி. பாரிஸில் இருவருக்கும் இடையே இருந்த இறுதி வித்தியாசமும் 39 வினாடிதான். அந்த எண் ஒன்றுபோல் அமைந்திருக்காவிட்டால், இந்த விவகாரம் இவ்வளவு காலம் நினைவில் நின்றிருக்காது என்பது என் எண்ணம். கொந்தாதோர் அன்றிரவே காணொளி வழியாக மன்னிப்புக் கேட்டார். பின்னர் ஊக்கமருந்து வழக்கில் அந்தப் பட்டம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டு ஆண்டிக்கே போனது தனிக்கதை.

எதிர்காற்று:

விரிவான விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இதைப் படித்த பிறகு, வசதிப்படும்போது மட்டும் மரபு, மற்ற நேரத்தில் பந்தயம் என்றல்லவா தோன்றுகிறது?

ஞாயிறு சவாரி:

ஓரளவு அப்படித்தான். ஆயினும் காத்திருப்பதை மட்டுமே பண்பாக எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. மற்றவரை விழவைக்காமல் ஓட்டுவதுதான் அதைவிடப் பெரிய பண்பு.

நான் வார இறுதியில் குழுவாக ஓட்டுபவன். சென்ற ஆண்டு என் முன்சக்கரம் முன்னால் சென்றவரின் பின்சக்கரத்தில் பக்கவாட்டில் உரசியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நான்தான் விழுந்தேன். உரசும்போது பின்னால் வருபவரின் முன்சக்கரம் திரும்ப வழியின்றிப் பிடிபட்டுவிடுகிறது. வண்டி சாயும் பக்கம் சற்றே திருப்பித்தான் நாம் சமநிலையை மீட்கிறோம் என்பதால், அது முடியாமற்போன கணத்தில் விழுவது உறுதியாகிறது. என் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் இருந்திருக்கலாம். முழங்கையிலிருந்து தோள் வரை தோல் உரிந்து, ஒரு வாரம் இரவில் போர்வை காயத்தில் ஒட்டிக்கொண்டது. விழும்போது கையை ஊன்றினாலும், தோள் நேராகத் தரையில் மோதினாலும், விசை காறை எலும்பில்தான் போய்ச் சேரும். ஓட்டுநர்களுக்கு அது அடிக்கடி முறிவது அதனால்தான்.

இப்போது 2020 ஆகஸ்டில் கடோவிட்சேயில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். போலந்துச் சுற்றின் முதல் கட்டம், சரிவில் இறங்கும் எல்லைக்கோடு, மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகம். டிலான் குரோனவேகன் தம் நேர்க்கோட்டிலிருந்து விலகி ஃபாபியோ யாகோப்சனைத் தடுப்பு வேலியோடு நெருக்கினார்; வேலி சிதறியது. யாகோப்சன் செயற்கை மயக்கத்தில் வைக்கப்பட்டார். முகத்துக்குப் பல அறுவைச் சிகிச்சைகள் தேவைப்பட்டன. குரோனவேகனுக்கு 9 மாதத் தடை விதிக்கப்பட்டது. தவறு அவருடையதே, ஆனால் இறக்கத்தில் எல்லைக்கோட்டை வைத்த அமைப்பாளர்களுக்கும், அந்த வேலிகளுக்கும் பங்கில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2022 டூரில் நிபோர்கில் முடிந்த இரண்டாம் கட்டத்தை யாகோப்சனும், மறுநாள் சோன்டர்போர்கில் முடிந்த மூன்றாம் கட்டத்தை குரோனவேகனும் வென்றார்கள்.

இன்னொன்று. எலும்பு முறிந்தும் ஓட்டியவர்களை நாம் வீரர்களாகக் கொண்டாடுகிறோம். 2003 டூரில் டைலர் ஹாமில்டன் முதல் கட்டத்திலேயே காறை எலும்பில் கீறலோடு தொடர்ந்து ஓட்டி நான்காம் இடம் பெற்றதை இன்றும் வியப்போடு சொல்கிறார்கள். எலும்பு பொறுத்துக்கொள்ளும், மூளை பொறுக்காது. தலையில் அடிபட்டவரைப் பரிசோதிக்க உலக மிதிவண்டிச் சங்கம் 2021இல் தனி நெறிமுறை கொண்டுவந்தது. ஆனால் கால்பந்தில் போல இங்கே ஆட்டம் நிற்காது. மருத்துவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கூட்டம் மலை மறைவில் போய்விடும். அந்த இடத்தில் மற்றவர்கள் காத்திருந்தால் அது வெறும் மரியாதையாக மட்டும் இராது, மருத்துவருக்குக் கிடைத்த அவகாசமாகவும் இருக்கும்.

பின்சக்கரம்:

கடைசியாகச் சொன்னது நான் யோசிக்காத கோணம். எதிர்காற்று அவர்களின் நண்பருக்கும் ஒரு மறுமொழி இருக்கிறது: அன்று போகச்சார் விழுவதற்குச் சற்று முன் அதே இறக்கத்தில் விங்ககோரின் வண்டியும் வழுக்கி, அவர் நூலிழையில் தப்பியிருந்தார். விழுந்தவருக்கும் விழாதவருக்கும் இடையே இருந்தது திறமை மட்டுமன்று என்பது விங்ககோருக்குத் தெரியும். காத்திருந்த பின்னர், ஓடகாம் ஏற்றத்தில் அவர் போகச்சாரைக் கழற்றிவிட்டுக் கட்டத்தை வென்றார்.

2025இல் முடிவு தலைகீழாக அமைந்தது. 11ஆம் கட்டத்தில், துலூஸ் நகருக்குள், முடிவதற்குச் சுமார் 4 கிலோமீட்டர் இருக்கையில் மற்றொருவரின் சக்கரத்தில் உரசிப் போகச்சார் விழுந்தார்; விங்ககோர் இருந்த குழு வேகத்தைக் குறைத்து அவரைச் சேர்த்துக்கொண்டது. மறுநாள் மீண்டும் அதே ஓடகாம் ஏற்றம். போகச்சார் 2 நிமிடம் 10 வினாடி முன்னதாகவே உச்சியை அடைந்துவிட்டார். இரண்டாவதாக வந்தவர் விங்ககோர்.