பள்ளியிலேயே எடுத்த காலேஜ் கிரெடிட்: உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு செல்லுபடியாயிற்று?

டாலஸ் அப்பா:
மகள் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டாண்டுக் காலேஜ்) மூலமாக டூயல் கிரெடிட் எடுத்தாள், அதாவது ஒரே பாடம் பள்ளிக்கும் காலேஜ் டிகிரிக்கும் கணக்காகும். பாடம் நடந்தது அவள் பள்ளியில்தான், நடத்தியதும் பள்ளி ஆசிரியர்தான். மார்க் மட்டும் காலேஜ் கணக்கில் ஏறும்.

ஆங்கிலம் 1301, அமெரிக்க வரலாறு 1301, 1302, அரசியல் 2305 எல்லாம் பேச்சே இல்லாமல் ஏறிவிட்டன. டெக்சாஸில் இந்தப் பாட எண்கள் பொதுவானவை. அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலை டிகிரிக்கு வேண்டிய 42 கிரெடிட் அடிப்படைப் பாடங்களில் இவை அடங்கும்.

இடறியது காலேஜ் அல்ஜிப்ரா. டிகிரி ஆடிட்டை (டிகிரிக்கு எந்தப் பாடம் எதில் கணக்காகிறது என்று காட்டும் பட்டியல்) திறந்தால் அந்த 3 கிரெடிட் இருக்கிறது, ஆனால் கடைசியில் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) கட்டத்தில் கேட்பாரற்று உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினியரிங்குக்குக் கணக்கு கால்குலஸில்தான் தொடங்குகிறது. பள்ளிக் கவுன்சலர் "டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்று சொன்னது பொய்யில்லை, ஆகத்தான் செய்தது! எந்தக் கட்டத்தில் போய் விழும் என்பதை அவரிடம் கேட்டுப் பயனில்லை. சேரப்போகிற துறையின் அட்வைசரைத்தான் கேட்க வேண்டும்.

நியூ ஜெர்சி அம்மா:
நீங்கள் பரவாயில்லை அண்ணா. என் பையன் போனது தனியார் பல்கலைக்கழகம். டூயல் கிரெடிட் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கேட்டது இரண்டே கேள்வி: வகுப்பு காலேஜ் வளாகத்தில் நடந்ததா? அதே பாடம் பள்ளிப் படிப்பை முடிக்கவும் கணக்கில் சேர்ந்ததா? முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதற்கு ஆமாம். கதை முடிந்தது. சிலபஸை அனுப்பிப் பார்த்தோம், அதற்கும் மசியவில்லை.

ஆனால் ஏபி கால்குலஸ் பிசி தேர்வில் 5 வாங்கியிருந்தான், அதற்குக் கிரெடிட் கொடுத்தார்கள். ஏபி என்றால் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் காலேஜ் தரத் தேர்வு; நாடு முழுக்க மே மாதம் ஒரே தேர்வு, 1 முதல் 5 வரை ஒரே அளவுகோல். எந்தப் பள்ளியில் யார் நடத்தினார் என்ற கேள்வியே வராது. அதற்காக அதுவும் எல்லா இடத்திலும் செல்லும் என்றில்லை. எம்ஐடி-யில் இதே கால்குலஸ் பிசி-க்கு 5 வாங்கினால் கிரெடிட் உண்டு, ஏபி கெமிஸ்ட்ரிக்குக் கிடையாது.

ஹூஸ்டன் அக்கா:
டாக்டருக்குப் படிக்கப்போகிற பிள்ளைகள் வீட்டில் யாராவது இருந்தால் இதையும் கவனியுங்கள். கிரெடிட் செல்லுகிறதோ இல்லையோ, டூயல் கிரெடிட் கிரேடு காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவில்) ஏறினால் ஏறினதுதான். என் மகள் சேர்ந்த பல்கலைக்கழகம் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டது, கிரேடை அதன் ஜிபிஏ-வில் (கிரேடுகளின் சராசரியில்) சேர்க்கவில்லை. அதோடு தொலைந்தது என்றிருந்தோம். ஆனால் மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் படித்த எல்லாக் காலேஜின் டிரான்ஸ்கிரிப்டும் கேட்கிறார்கள், பள்ளியில் படிக்கும்போது எடுத்தது உட்பட. பதினாறு வயதில், மாலையில் பேண்ட் பிராக்டிஸ் முடிந்து தூங்கி வழிந்துகொண்டு எழுதிய பரீட்சையின் சி கிரேடு அங்கே வந்து நின்றது. ஏபியில் 2 வாங்கினால் அந்த மார்க்கை அனுப்பாமல் விட்டுவிடலாம், இதில் அந்த வசதி இல்லை.

அட்லாண்டா தம்பி:
எனக்கு ஒரு சந்தேகம். பள்ளி டிரான்ஸ்கிரிப்டிலேயே அந்தக் காலேஜ் பாடங்களும் மார்க்கும் இருக்கின்றனவே, தனியாக அனுப்ப வேண்டுமா?

டாலஸ் அப்பா:
கட்டாயம் வேண்டும் தம்பி. பள்ளி அனுப்புவதை வைத்துக் கிரெடிட் ஏற்ற மாட்டார்கள், கம்யூனிட்டி காலேஜிலிருந்தே நேரடியாகப் போக வேண்டும். கடைசி செமஸ்டர் கிரேடு ஏறிய பிறகு கேளுங்கள், முன்னால் கேட்டால் பாதிதான் போகும். ஓரியன்டேஷனுக்குள் (புது மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சிக்குள்) போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது. இல்லையென்றால் ஏற்கெனவே முடித்த பாடத்துக்கே மறுபடி பதிவு செய்யச் சொல்வார்கள்.

ஹூஸ்டன் அக்கா:
ஆமாம், பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். பெற்றோர் போன் செய்தால் பெரும்பாலும் பேசவே மாட்டார்கள்.